லென்ஸுக்குத்தான் விலை

2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு விசிடி விலைக்கே ஒரிஜினல் கிடைத்ததால், பல வீடுகளில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அந்த வட்டுகள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கத்தான் பிளேயர் இல்லை. புதிதாக வாங்கலாம் என்றால் செய்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். தரமான புளூ-ரே பிளேயர்களுக்குப் பேர்போன ஓப்போ டிஜிட்டல் 2018-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2019-ல் சாம்சங் அமெரிக்கச் சந்தையில் புதிய மாடல்களைக் கைவிட்டது. 2024 இறுதியில் எல்ஜியும் விலகிக்கொண்டது. சோனி, பானசோனிக் என்று சிலர்தான் மிச்சம். ஆக, வட்டில் படம் பார்க்க விரும்புகிறவர்களில் பலர் இனி ரீஃபர்பிஷ்டு பிளேயரைத்தான் தேட வேண்டியிருக்கும். பழையது என்பதாலேயே அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எந்த இடத்தில் பழுது வரும் என்று தெரிந்துகொண்டு போனால், நல்ல பிளேயரை நம்மாலேயே தேர்ந்தெடுக்க முடியும்.

மெக்கானிக்குகள் 'லென்ஸ்' என்று சொல்லும் பாகத்தில்தான் பிளேயரின் ஆயுள் இருக்கிறது. கண்ணாடி போன்ற சிறு குமிழுக்குக் கீழே லேசர் டயோடு. அந்தக் குமிழை மேலும் கீழும் அசைத்து ஃபோகஸ் செய்யும் மெல்லிய கம்பிச் சுருள்கள். மொத்தத்தையும் வட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை நகர்த்தும் தண்டவாளம். சர்க்யூட் போர்டு பல வருடம் தாங்கும். டிரேயின் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் சில ரூபாயில் மாற்றிவிடலாம். லேசர் டயோடு மட்டும் ஓட ஓட மங்கிக்கொண்டே போகும். தூசி படிந்த லென்ஸைத் துடைத்தால் சரியாகும். மங்கிய டயோடைத் துடைத்துப் பயனில்லை. இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. பல லென்ஸ் யூனிட்டுகளின் ஓரத்தில் லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பொடி திருகு உண்டு. அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டால், சாகும் நிலையில் இருக்கும் லேசரும் கொஞ்ச காலம் பளிச்சென்று வட்டைப் படிக்கும். கடையில் ஓட்டிக் காட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. கூடுதல் மின்னோட்டத்தால் டயோடு இன்னும் சீக்கிரம் தீய்ந்துபோகும். 'ரீஃபர்பிஷ்டு' என்ற சொல்லின் பொருளும் கடைக்குக் கடை மாறுகிறது. பெட்டியைப் பிரித்ததுமே திரும்பி வந்த புத்தம்புது பிளேயருக்கும் அதே பெயர், மேலே துடைத்து ஸ்டிக்கர் ஒட்டிய பழைய பிளேயருக்கும் அதே பெயர்.

ஆகவே சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, சோதனையை நாமே செய்ய வேண்டும். படத்தின் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துத் திருப்தி அடைவது பெரிய தவறு. வட்டைப் படிப்பது உள்வட்டத்திலிருந்துதான் தொடங்கும். அந்தப் பகுதி எந்த லென்ஸுக்கும் எளிது. நீளமான படங்களின் டிவிடியில் பெரும்பாலும் இரண்டு அடுக்குகள் இருக்கும். முதல் அடுக்கு விளிம்புவரை ஓடி முடிந்ததும், லேசர் ஃபோகஸை மாற்றி இரண்டாம் அடுக்கைப் பிடிக்க வேண்டும். வலுவில்லாத லென்ஸ் திணறுவது அந்த இடத்தில்தான்: படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும், சில சமயம் அப்படியே நின்றுவிடும். படத்தின் நடுப்பகுதியையும் கடைசிக் காட்சியையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். புளூ-ரே பிளேயர் என்றால் இரண்டு வகை வட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், புளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் ஊதா லேசர். ஒன்று பழுதாகி மற்றொன்று நன்றாக வேலை செய்வது சாதாரணம்.

எல்லாப் படமும் ஓடிடியில் இருக்கும்போது வட்டு எதற்கு என்று கேட்பார்கள். எல்லாப் படமும் அங்கே இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த படம் இன்று காணாமல் போகும். பழைய தமிழ்ப் படங்கள் பல, யூடியூபில் நறுக்கப்பட்டும் லோகோ குத்தப்பட்டும் கிடக்கின்றன. நம் கையில் இருக்கும் வட்டை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. தரத்தைப் பார்த்தாலும், 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட்; சாதாரண புளூ-ரேயிலேயே வீடியோவுக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் உண்டு. இருட்டுக் காட்சிகளிலும் ஒலியிலும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டிவிடிக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட படம் 55 அங்குலத் திரையில் மங்கலாகத்தான் இருக்கும். வேறெங்கும் நல்ல பிரதி கிடைக்காத படத்துக்காகவும், ஏற்கெனவே சேர்த்துவைத்த வட்டுகளுக்காகவும்தான் டிவிடி.

பழைய பிளேயர் வாங்கிய மறுமாதமே பழுதானால் பணம் போச்சே என்பது நியாயமான கவலை. ஆனால் புதிய மலிவு பிளேயரின் லென்ஸும் தேயத்தான் செய்யும். உதிரிபாகம் கிடைக்காத மாடலாக இருந்தால் அதையும் தூக்கித்தான் போட வேண்டும். பரவலாக விற்ற மாடலில் லென்ஸைப் புதிதாக மாற்றித் தருபவரிடம் வாங்குவது அதைவிட மேல். வெளிநாட்டிலிருந்து வந்த பிளேயரில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பின்புற ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இல்லாமல் 120 என்று மட்டும் இருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிய உடனே கருகிவிடும். எந்த நாட்டு வட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கு மண்டலக் குறியீடும் உண்டு: அமெரிக்க பிளேயர் டிவிடிக்கு மண்டலம் 1, புளூ-ரேக்கு மண்டலம் ஏ. இந்தியா 5, சி. மண்டலப் பூட்டு உள்ள இந்திய வட்டுகள் அதில் ஓடாது. 4கே புளூ-ரே வட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பேரம் பேசும்போது நூறு, இருநூறு குறைப்பதைவிட, 'லென்ஸ் புதிதாக மாற்றப்பட்டது, ஆறு மாத வாரன்டி' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.