நூறு பார்சல்களில் இருபது திரும்பி வந்தால்

கடைக்காரரின் துணையின்றி, தம் சொந்த வணிகப் பெயரில் இணையவழி நேரடியாக விற்கும் சிறு நிறுவனங்கள் நம் நாட்டில் பெருகி வருகின்றன. ஜெய்ப்பூரில் 2020-இல் தொடங்கப்பட்ட மினிமலிஸ்ட் என்னும் சருமப் பராமரிப்பு நிறுவனத்தின் 90.5 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க 2025 ஜனவரியில் இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்பந்தம் செய்தது. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, மூன்று நான்கு பேரைக் கொண்டே தொழில் நடத்த இயலுமா என்று வினவுவோர் உண்டு. இயலும். ஆனால் நாங்கள் முதலில் கேட்பது ஆட்களின் எண்ணிக்கையை அன்று. திரும்பி வரும் பார்சல்களின் எண்ணிக்கையை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கூந்தல் எண்ணெய் ஒரு புட்டி 500 ரூபாய். தயாரிப்புச் செலவு 200, பொதிதல் 20, கூரியர் 60, விளம்பரம் 120 எனக் கொண்டால் வரிக்கு முன் மிச்சம் 100 ரூபாய். நூறு பார்சல்களுக்கு 10,000 ரூபாய் இலாபம் என்று ஏடு காட்டும். அனைத்தும் பொருளைப் பெறும்போது பணம் தரும் முறையில் விற்றவை என்றும், அவற்றுள் இருபதை வாங்க மறுத்துவிட்டனர் என்றும் கொள்வோம். எண்ணெய் சேதமின்றித் திரும்பினாலும், அந்த இருபதுக்கான விளம்பரம், பொதிதல், போகும் கூலி ஆகியவை போனவையே. திரும்பும் கூலி தலா 50 ரூபாயையும் சேர்த்தால் இலாபம் 3,000 ரூபாயாகச் சுருங்கும். முப்பது திரும்பினால் 500 ரூபாய் நட்டம்! விற்பனை மட்டும் மும்முரமாக நடப்பதாகவே தோன்றும்.

முன்பணம் செலுத்துவோருக்கு 30 ரூபாய் தள்ளுபடி அளித்தால் நூறு பார்சல்களுக்கும் ஆகும் செலவு 3,000 ரூபாய்தான். மேலும், கூரியர் நிறுவனம் வசூலித்த தொகை கைக்கு வரப் பல நாள்கள் ஆகலாம். யுபிஐ, அட்டை வழிப் பணம் பொதுவாக அதைவிட விரைவில் கணக்கில் சேரும். சிறு மூலதனக்காரருக்கு இவ்விடைவெளியே மூச்சுத் திணறல்.

தயாரிப்பையும் விநியோகத்தையும் வெளியாரிடம் ஒப்படைக்கலாம். வாடிக்கையாளரின் குறைகேட்பையும் கணக்கையும் ஒப்படைக்கலாகாது என்பது எங்கள் கருத்து. புட்டியின் மூடி கசிகிறது என்பதை முதலில் அறிய வேண்டியவர் உரிமையாளர் அல்லவா?

சட்டத்தில் பலர் தவறவிடும் ஒன்று: சரக்கு விற்பனைக்கான 40 இலட்ச ரூபாய் ஜிஎஸ்டி வரம்பு மாநிலத்துக்குள் விற்போருக்கே பொருந்தும். வெளிமாநிலத்துக்கு ஒரு புட்டி அனுப்பினாலும் பதிவு கட்டாயம். வணிகப் பெயரைப் பதிய, தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; பெயர் பரவிய பின் அதனை இழப்பதை நோக்க இது சிறு தொகை.

நடைமுறை மூலதனக் கடன் கோரி வருவோர், தொழிலுக்கெனத் தனி நடப்புக் கணக்கும், உத்யம் பதிவும், ஆறு மாதத் திரும்பல் விவரமும் கொண்டுவந்தால் எங்கள் பரிசீலனை எளிதாகும். குடும்பச் செலவும் விற்பனை வரவும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்திருந்தால், உண்மையான விற்றுமுதலைப் பிரித்தறிவதற்கே நாள்கள் கழிந்துவிடும்.