கணக்கு நோட்டு யார் கையில்?

கெலமங்கலம் இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை தர்மபுரி மாவட்டம். அந்தத் தர்மபுரியில்தான் 1989-ல், சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியின் உதவியோடு, தமிழக அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களை முதன் முதலாகத் தொடங்கியது.

குழுவுக்கு 12 முதல் 20 பேர். ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். பொறுப்பு கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நடப்பது என்ன? எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். "அக்காவே பாத்துக்குவாங்க" என்று மற்றவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். அக்கா மகள் பிரசவத்துக்குப் போனால் கூட்டமே இல்லை! நோட்டு அவர் வீட்டுப் பெட்டியில்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கல். பேச்சு தெலுங்கிலும் கன்னடத்திலும் ஓடும். நோட்டோ தமிழில்!

அவசரத்துக்குத் தொண்டு நிறுவன ஊழியரே மடமடவென்று எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு. வேலை முடியும், குழு வளராது.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வது? வழி இருக்கிறது. கூட்டம் கலையும் முன் அன்றைய வரவு, கொடுத்த கடன், கையிருப்பு மூன்றையும் அவரவர் பாஷையில் உரக்கச் சொல்லவேண்டும். காதால் கேட்டே கணக்கைப் பிடித்துவிடுவார்கள். சந்தையில் இவர்களை ஒரு ரூபாய் ஏமாற்ற முடியுமா?