ஐம்பூதங்களைப் பாடிய மாலை

சென்ற ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், புது டில்லியிலுள்ள நம் சங்க அன்பர்கள் வாய்ப்பாட்டு நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தனர். வழக்கமான கச்சேரி அன்று. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) ஐம்பூதத் தலங்களின்மீது இயற்றிய ஐந்து கீர்த்தனைகளை மட்டுமே பாடுவது என்றும், மண்ணும் நீரும் தீயும் காற்றும் வெளியும் மனிதனுக்கு என்ன உறவு என்பதை ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் தமிழில் விளக்குவது என்றும் முடிவாயிற்று. ஐந்தும் வடமொழிச் சாகித்தியங்கள். குழந்தைகளுக்கு என்ன விளங்கும் என்று குழுவில் சிலர் ஆட்சேபித்ததுண்டு. நாமும் அவர்களுள் ஒருவரே என்பதை மறைப்பதற்கில்லை.

மேடையின் முகப்பில் ஒரு தட்டு மண், ஒரு செம்பு நீர், ஒரு குத்துவிளக்கு, ஒரு பனையோலை விசிறி ஆகியவற்றை வைத்திருந்தனர். ஐந்தாவதான ஆகாயத்திற்கு ஓர் இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அந்த எண்ணம் யாருடையதோ, அவரைப் பாராட்ட வேண்டும்.

முதலில் காஞ்சி ஏகாம்பரநாதர்மீது பைரவி. ராக இலக்கணம் நாம் அறியோம். எனினும் மாமரத்தடியில் மணலால் அமைந்த மூர்த்தி என்ற விளக்கத்தைக் கேட்டபின் அந்த ராகம் தரையில் கால் ஊன்றி நிற்பதுபோலத் தோன்றியது. திருவண்ணாமலைக்குரிய சாரங்கா சற்று விரைந்து போய்விட்டது. காளத்திநாதர்மீது உசேனி பாடியபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஒலிபெருக்கியில் இரைச்சல் விழாதிருக்க மின்விசிறிகளை நிறுத்தியிருந்தனர். வாயுவைப் பாடுமிடத்தில் காற்றே இல்லை! மண்டபம் முழுவதும் நிகழ்ச்சி நிரல் தாள்களே விசிறிகளாயின.

நம் மனத்தில் நின்றது நீர்த் தலமாகிய திருவானைக்காவின் பாட்டு. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அவ்வூரில், கருவறையில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அத்தலத்து மரம் நாவல். அதனாலேயே இறைவன் ஜம்புநாதர். ராகம் யமுனா கல்யாணி என்று அறிவித்தவுடன் ஒன்பது வயதான நம் மகள் திரும்பி, "யமுனை என்றால் அப்பா, நாம் ரயிலில் தாண்டுவோமே, அந்தக் கறுப்பு ஆறா?" என்று கேட்டாள். முன்வரிசையினர் சிலர் சிரித்துவிட்டனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்கம் கூறிய அன்பர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார் போலும். தீட்சிதர் இளமையில் சில ஆண்டுகள் குருவுடன் காசியில் வாழ்ந்தவர். இந்த ராகம் வடநாட்டு யமன் ராகத்துக்கு உறவு. பாட்டினுள்ளேயே கங்கை, காவேரி, யமுனை மூன்றின் பெயரும் வருகின்றன என்றார். பின்னர்ப் பாட்டு தொடங்கியது. மூன்று பெயர்களும் வந்த இடத்தில் திருவானைக்காவில் பிறந்து வளர்ந்த நம் தாயார் கண்களை மூடிக்கொண்டார். மகளோ யமுனையின் பெயர் மீண்டும் வரும்வரை விரலை நீட்டிக் காத்திருந்தாள்.

சிதம்பரத்துக் கேதாரத்துடன் நிகழ்ச்சி இனிது முடிந்தது. வெளியே சாலையின் இருமருங்கிலும் நாவல் மரங்கள். பழம் உதிரும் காலமாதலால் நடைபாதை முழுவதும் ஊதாக் கறை. "பாட்டி, இதுதானே உங்கள் ஊர் சுவாமியின் மரம்?" என்று மகள் பொறுக்கத் தொடங்கினாள். தாயார் தடுக்கவில்லை, தம் முந்தானையையும் விரித்தார்.

மறுநாள் அலுவலகத்திற்குச் செல்லும்போது வண்டி பாலத்தின்மீது சற்று நின்றது. வசீராபாத் அணைக்குக் கீழே, மழைக்காலம் ஒழிந்த நாட்களில் யமுனைக்கென்று விடப்படும் நன்னீர் மிகக் குறைவு. நஜப்கர் வாய்க்கால் முதலியவை கொண்டு வந்து சேர்க்கும் கழிவுநீரே பெரும்பகுதி. அந்தக் கழிவில் நம் குடியிருப்புகளின் சோப்புத் தண்ணீரும் உண்டு. இத்தனை ஆண்டுகளாக அவ்விடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வதே நம் வழக்கம். அன்றும் கை தானாக எழுந்தது, பாதியில் இறக்கிக்கொண்டோம்.

வரும் ஞாயிறு அணைக்கு மேலே நீர் தெளிந்தோடும் இடத்தைக் காட்டுவதாக மகளிடம் சொல்லியிருக்கிறோம். தாயாரும் வருவதாகக் கூறுகிறார்.