கோட்டோரம் நிற்பவர்கள் – 14: ஜகார்த்தாவில் இரண்டு முறை

இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த ரஹீம் சாஹிப்பின் கதை போன வாரத்தோடு முடிந்தது. ஹைதராபாத், மெல்போர்ன், 1962 தங்கம்: தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் மலேசியத் தமிழர் கே. ராஜகோபால், தேசியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு வந்ததையும் அதை விட்டுப் போனதையும் சொல்வதாக அறிவித்திருந்தோம். வந்த கதை மட்டும்தான் இந்த இதழில் அடங்கும். காரணம், ரஹீமின் போட்டி அட்டவணையை ராஜகோபாலின் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான்.

1962 ஆசிய விளையாட்டில் ரஹீமின் இந்தியா முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அரையிறுதியில் தென் வியட்நாமை வென்றது. இறுதியில் மறுபடியும் தென் கொரியா, இந்தியா 2-1. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் 2010 சுசுகி கோப்பை. மலேசியா முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று நொறுங்கியது. அரையிறுதியில் வியட்நாமை வென்றது. இறுதியில் மறுபடியும் இந்தோனேசியா. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து மலேசியா 4-2. இரண்டு கோப்பைக் கதைகளும் முடிந்த மைதானம்கூட ஒன்றுதான்: 1962 போட்டிக்காகவே ஜகார்த்தாவில் கட்டிய செனாயன் அரங்கம், இன்றைய கெலோரா பூங் கர்னோ.

இரண்டு முறையும் கூட்டம் எதிர்த்தரப்பில்தான் இருந்தது. 1962-ல் இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா தராததை இந்தியாவின் ஜி.டி. சோந்தி எதிர்த்துப் பேசியதால் நகரமே இந்தியர்கள்மேல் கொதித்துப்போயிருந்தது. 2010-ல் காரணம் தேட வேண்டியதே இல்லை, ஆடியதே சொந்த ஊர் அணி.

ராஜகோபால் பொறுப்பேற்றது 2009-ல். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரும் இந்திய வம்சாவளியினர்தான், பி. சத்தியநாதன். அந்த ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் சொந்த மண்ணில் 0-5 என்று தோற்றதும் அவர் பதவி போயிற்று. ஐந்து கோல் வாங்கினால் கோச்சுக்கு என்ன நடக்கும் என்பது ராஜகோபாலுக்குத் தெரியாததல்ல. அதே 2009 டிசம்பரில் அவருடைய இளைஞர் அணி வியந்தியானில் வியட்நாமை 1-0 என்று வென்று, தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கால்பந்துத் தங்கம் கொண்டுவந்தது.

மலேசிய லீக்கில் அப்போது வெளிநாட்டு வீரர்களுக்குத் தடை. முன்வரிசையில் ஆட உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் கிடைத்த காலம் அது. சுசுகி கோப்பைக்குப் போன அணியிலும் அந்தத் தங்கத்தை வென்ற இளைஞர்கள் பலர் இருந்தார்கள். ஓரத்தில் பறக்கும் எஸ். குணாளன் அவர்களில் ஒருவர். டிசம்பர் 1 அன்று ஐந்து கோல் வாங்கிய பிறகும் ராஜகோபால் இந்த இளைஞர்களைக் கைவிடவில்லை. இந்தத் தொடர் அவரைப் பெரிய பயிற்சியாளர் என்று சொல்வது கோப்பைக்காக அல்ல, இதற்காகத்தான்.

மாட்டுப்பட்டி, மூணாறு பக்கத்து வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கி எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே ஷீல்டு போட்டியில், போன வாரம் தோற்ற டீமையே இந்த வாரமும் இறக்குவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று லயத்து வாசலில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்கள் அவர்கள். கொழுந்து பறிக்க இங்கே வந்தது போலவே பால்மரம் வெட்ட மலாயாவுக்குப் போனார்கள் தமிழர்கள். அங்கேயும் தோட்டத்துத் திடல்களில் பந்து உருண்டது.

சுசுகி கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே மலேசியாவின் முதல் கோல்கீப்பர் ஷர்பினிக்கு அம்மை போட்டுவிட்டது. 21 வயது கைருல் ஃபாமி உள்ளே வந்தார். (மலேசியாவில் கோல்கீப்பர் என்றாலே பெரியவர்கள் ஆர். ஆறுமுகத்தைத்தான் சொல்வார்கள். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு மலேசியா தகுதி பெற்றபோது அவருடைய காலம்தான். நாடு புறக்கணித்ததால் அணி போகவில்லை. 1988-ல் கார் விபத்தில் இறந்தார். அவருக்கு இந்தத் தொடரில் தனியாக ஒரு வாரம் உண்டு.)

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கம். இறுதியின் முதல் ஆட்டத்தில் இடைவேளை வரை கோல் இல்லை. பார்வையாளர் பக்கத்திலிருந்து லேசர் ஒளி கண்ணில் அடிக்கிறது என்று இந்தோனேசிய வீரர்கள் களத்தை விட்டு வெளியேற, ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. திரும்பி வந்ததும் 61-ஆம் நிமிடம் நோர்ஷாருல் இறுதிக்கோட்டோரம் தற்காப்பு ஆட்டக்காரரை ஏய்த்துக் கொடுத்த பந்தை சாஃபி சாலி உள்ளே தள்ளினார். 68-ல் அஷாரி. 73-ல் மறுபடியும் சாஃபி. பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று கோல்.

மூன்று நாள் கழித்து ஜகார்த்தா. 18-ஆம் நிமிடத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் அணித்தலைவர் ஃபிர்மான் உதினா. கைருல் ஃபாமி பிடித்துவிட்டார். அது கோலாகியிருந்தால் அந்த அரங்கத்தின் இரைச்சலில் மூன்று கோல் முன்னிலை தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே. 54-ல் சாஃபியின் கோல் வந்ததும் கோப்பை ஏறக்குறைய உறுதியாயிற்று. இந்தோனேசியா கடைசியில் இரண்டு கோல் போட்டு அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்றது, கோப்பை மலேசியாவுக்கு. அந்தப் போட்டியில் மலேசியா வாங்கிய முதல் பட்டம் அதுதான். பிரதமர் நஜிப் டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறை ஆக்கினார். ஐந்து கோல் போட்ட அதிக கோல்காரர் சாஃபியை அடுத்த ஆண்டு இந்தோனேசியக் கிளப்பே வாங்கிக்கொண்டது.

நடப்புச் சாம்பியனாக 2012-ல் இறங்கி, சிங்கப்பூரிடம் 0-3 என்று தோற்றுத் தொடங்கி, அரையிறுதியில் தாய்லாந்திடம் வீழ்ந்து, 2013 முடிவில் ராஜகோபால் விடைபெற்ற கதை அடுத்த வாரம்.