பில் போடும்போது கம்ப்யூட்டர் ஏன் நிற்கிறது?

காயல்பட்டினத்தில் கடை வைத்திருக்கும் என் மாமா போன் செய்தார். "மருமகனே, பில் போடும்போது மெஷின் ரெண்டு மூணு செகண்ட் அப்படியே நிக்குது. வேற வாங்கிரவா?" என்றார். பலரும் இப்படித்தான் மெஷினைக் குறை சொல்கிறோம். ஆனால் காரணம், புரோகிராம் எழுதப்பட்ட மொழியாகவும் இருக்கலாம்.

எங்கள் ஊர்க் கல்யாண விருந்தில் ஒரு சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து சாப்பிடுவார்கள். முடிந்த சஹன்களை எடுத்தால்தான் அடுத்த பந்திக்கு இடம். புரோகிராம்களும் மெமரியில் இப்படித்தான் இடம் பிடிக்கின்றன. வேலை முடிந்ததும் அந்த இடம் காலியாக வேண்டும்.

சி, சி++ மொழிகளில் காலி செய்வது புரோகிராம் எழுதுபவரின் பொறுப்பு. மறந்தால் மெமரி நிரம்பிக்கொண்டே போகும். அவசரப்பட்டால், சாப்பிட்டுக் கொண்டிருப்பவரின் சஹனை இழுத்த கதைதான், புரோகிராம் முடங்கிவிடும்.

ஜாவா, கோ போன்ற மொழிகளில் இதற்கென்றே 'கார்பேஜ் கலெக்டர்' உண்டு. லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1959 வாக்கில் உருவாக்கிய முறை இது. தவறுகள் குறையும். ஆனால் சுத்தம் செய்யும்போது சில வேளை மற்ற வேலைகள் அனைத்தும் நின்றுவிடும். டேட்டாபேஸ் நின்றால், அதை நம்பியிருக்கும் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஃபேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மன், பிரசாந்த் மாலிக் உருவாக்கி 2008-ல் வெளியான கசாண்ட்ரா, ஜாவாவில் எழுதப்பட்ட டேட்டாபேஸ். டிஸ்கார்ட் நிறுவனம் தன் மெசேஜ்களை அதில் சேமித்தது. இந்த நிறுத்தங்கள் தொல்லை தரவே, 2022-ல் சி++ மொழியில் எழுதப்பட்ட சில்லாடிபிக்கு மாறியது. 177 சர்வர்கள் இருந்த இடத்தில் 72 போதுமானதாயிற்று. மொழி மட்டுமே இதற்குக் காரணமல்ல; டேட்டாபேஸின் அமைப்பும் சர்வர்களின் டிஸ்க் அளவும்கூட வேறு. ஜாவாவும் முன்னேறியது. 2020-ல் வந்த ஜாவா 15-ல் முழுப் பயன்பாட்டுக்குத் தயாரான இசட்ஜிசி, நிறுத்தங்களைச் சில மில்லி செகண்டுகளாகக் குறைத்தது.

சரி, மாமா கடைக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். மெமரியில் பாதி காலி. டிஸ்க்கும் சும்மா இருந்தது. அந்த ஜாவா புரோகிராமுக்கு மிகக் குறைந்த மெமரியே ஒதுக்கப்பட்டிருந்ததால், கலெக்டர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாப்ட்வேர் தந்தவர் அந்த அளவைக் கூட்டியதும் பில் தடையின்றி வந்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

நீங்களும் இப்படிப் பாருங்கள். மெமரி நிரம்பியிருந்தால் ராம் கூட்டலாம். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்.எஸ்.டி. மாற்றலாம். இரண்டும் காலியாக இருந்தால், புதிய கம்ப்யூட்டர் வாங்கும் முன் சாப்ட்வேர் தந்தவரைக் கேளுங்கள்.