கொடை தேடிச் சென்றவர் கண்ட கூட்டாளிகள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பழவேற்காடு, தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். கடல் கடந்து வணிகம் செய்த மரைக்காயர் பெருமக்கள் வாழ்ந்த ஊர் அது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியேறியதும் அங்கேதான். அவ்வூர்ச் சின்னப் பள்ளிவாசலில், தொழுகை நேரங்களை அறிவதற்கென அமைக்கப்பெற்ற நிழல் கடிகாரம் ஒன்று உண்டு. ஊரை ஒட்டி விரிந்து கிடக்கும் உப்பங்கழி ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இரண்டாவது பெரியதாகும்.

மழைக்காலம் முடிந்து பனிக்காலம் பிறந்ததும் இந்த ஏரியின் ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டி உண்பது அவற்றின் வழக்கம். உணவிலிருந்து கிடைக்கும் நிறப்பொருளே அவற்றின் சிறகுகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் தருகிறது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா என இன்னும் பல இனங்களும் உடன் வருகின்றன.

இவற்றைக் காண்பதற்கென்றே சிலர், கழுத்தில் தொலைநோக்கியும் கையில் குறிப்பேடுமாக விடியற்காலையில் ஏரிக்கரைக்கு வருகின்றனர். மணிக்கணக்கில் நின்று எண்ணுகின்றனர், எழுதுகின்றனர். வலையை உதறிக் காயப்போடும் மீனவர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். நம் வீடுகளிலும் பிள்ளை ஒருவன் பறவையையோ, விண்மீனையோ, பழைய நாணயத்தையோ விடாமல் பின்தொடர்ந்தால், "இதனால் என்ன பயன்? படிக்கிற வேலையைப் பார்" என்று கடிந்துகொள்வதே வழக்கமாக இருக்கிறது. இத்தகைய பித்து மனிதனைத் தனிமைப்படுத்திவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் எவ்வளவு சரியானது என்பதை அறிய, பறவைகளுக்காக வாழ்நாளெல்லாம் பிறரிடம் கொடை கேட்ட ஒரு முஸ்லிம் அறிஞரின் வரலாறு நமக்கு உதவும்.

ஒரு குருவியும் ஒரு கேள்வியும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு பம்பாயில், சுலைமானி போரா குடும்பத்தில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரை, மாமா அமீருத்தீன் தையப்ஜி வளர்த்தார். சிறுவன் ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான குருவியாக அது தோன்றவில்லை. இதனை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்னும் ஐயத்துடன் மாமாவிடம் கொண்டு சென்றான். அவருக்கும் விடை தெரியவில்லை. "ஏதோ ஒரு குருவி" என்று தூக்கி எறியாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் தந்து அவனை அனுப்பிவைத்தார்.

மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். கழகத்தின் பறவைச் சேகரிப்பைத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் தந்தார். ஹலாலா எனக் கேட்கச் சென்ற சிறுவன், வாழ்நாள் முழுவதற்குமான துறையைக் கண்டுகொண்டு திரும்பினான்.

ஊதியம் வேண்டா, செலவு போதும்

ஆர்வம் இருந்ததே தவிர வருவாய்க்கு வழியில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் அரசின் விலங்கியல் துறையில் பறவையியலாளர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராகச் சில காலம் பணியாற்றினார். விடுப்பெடுத்து ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று 1930இல் திரும்பியபோது, நிதியின்மையால் அந்தப் பதவியே நீக்கப்பட்டிருந்தது.

இந்நிலையில் அவர் ஒரு வழி கண்டார். சமஸ்தானங்களின் பறவைகளைப் பற்றி முறையான கணக்கெடுப்பு அதுவரை நடந்ததில்லை. "எனக்கு ஊதியம் வேண்டா, முகாமிடும் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதே அவர் சமஸ்தானங்களின் முன் வைத்த கோரிக்கை. ஐதராபாத் நிஜாமின் அரசு முதலில் இணங்கியது. பின்னர் திருவிதாங்கூரும் கொச்சியும் இணங்கின. கட்சு மன்னரும் செலவை ஏற்றார்; 1945இல் கட்சுப் பறவைகளைப் பற்றிய நூல் வெளிவந்தது. இந்தியாவில் பூநாரைகள் இலட்சக்கணக்கில் ஒருங்கு கூடிச் சேற்றுமண்ணால் கூடு கட்டும் பெரும் இடம், அந்தக் கட்சு நாட்டின் ரண் உப்புவெளியில்தான் இருக்கிறது.

எதிர்பாராத இடங்களில் அன்பர்கள்

கொடை கேட்பவருக்கு இருவகை அனுபவம் உண்டு. சிலர் பணத்தைத் தந்து அனுப்பிவிடுவர். வேறு சிலரோ, "எனக்கும் இதில் விருப்பம் உண்டு, உட்காருங்கள், பேசுவோம்" என்பர். சாலிம் அலிக்கு இரண்டாம் வகையினர் பலர் வாய்த்தனர்.

சிங்கப்பூரின் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோ அவர்களில் ஒருவர். திரையரங்குகள் பலவற்றின் உரிமையாளரான இச்சீனச் செல்வர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சிங்கப்பூரைச் சூழ்ந்தபோது கப்பலில் தப்பினார். அக்கப்பல் குண்டுவீச்சுக்கு ஆளாகி அவர் தீக்காயமுற்றார். பின் இந்தியா வந்து சேர்ந்த அவரை, ஆசிரியர் ஒருவர் பம்பாய்க் கழகத்துக்கு அறிமுகப்படுத்தினார். சினிமா முதலாளிக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு என்று யாரும் எண்ணக்கூடும். ஆனால் அவரோ பறவைகளைப் படமெடுப்பதில் தீராத வேட்கை கொண்டவர். சாலிம் அலியின் பல பயணங்களுக்கு அவர் பொருள் தந்ததோடு நில்லாமல், ஒளிப்படக் கருவியைச் சுமந்துகொண்டு காட்டிலும் மேட்டிலும் உடன் அலைந்தார். 1964இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் மறையும் வரை அந்த நட்பு நீடித்தது.

மற்றொருவர் ஜவாஹர்லால் நேரு. 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலை, அவர் தேராதூன் சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு அனுப்பிவைத்தார். பறவைகளைப் பொருட்படுத்தாதிருந்த தம் கண்களைத் திறந்தது அந்நூலே என்று இந்திரா காந்தி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். விடுதலைக்குப் பின் பம்பாய்க் கழகம் நிதியின்றித் தடுமாறியபோது, சாலிம் அலி பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதி உதவி பெற்றார். கதவைத் தட்டும் முன்பே அந்த வீட்டுக்குள் அவருடைய நூல் நுழைந்திருந்தது.

சாலிம் அலியும் பெற்றதைத் தமக்கென வைத்துக்கொண்டவரல்லர். 1976இல் பால் கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்பு நிதியம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1987இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் அமைந்த பறவையியல் ஆய்வு மையம் நம் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் இருக்கிறது.

பிடித்தவரே துணைவரானார்

கொடையாளிகளைவிட வியப்பான கூட்டாளிகளும் அவருக்குக் கிடைத்தனர். வலசை வரும் பறவைகள் வழியாக நோய் பரவுகிறதா என்று ஆராய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டுப் பறக்கவிடும் பணி தொடங்கிற்று. பறவையைச் சிறு காயமுமின்றிப் பிடிக்கத் தெரிந்தவர் யார்? பீகாரின் மீர்ஷிகார் எனப்படும் முஸ்லிம் குடியினரே. தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். எந்தப் பறவை எந்நேரத்தில் எங்கே இறங்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த ஏழைத் தொழிலாளர்கள் கழகத்தின் ஆய்வுகளில் இன்றியமையாத துணைவராயினர். நம் கோடியக்கரையிலும் கழகத்தினர் நெடுங்காலம் இவ்வளையமிடும் பணியைச் செய்துள்ளனர்.

மன்னர், முதலாளி, பிரதமர், பறவை பிடிப்போர் ஆகிய இவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்து பேசுவதற்கு வேறு எந்தப் பொருள் இருந்திருக்கும்? பறவைப் பித்து சாலிம் அலியைத் தனிமைப்படுத்தவில்லை. அந்தப் பித்தை மறைக்காமல் சொல்லிக் கொடை கேட்டதனாலேயே, அதே பித்துடையோர் எங்கெங்கு ஒளிந்திருந்தனர் என்பது அவருக்குத் தெரியவந்தது. கிடைத்த பணம் செலவாகிவிட்டது. கிடைத்த மனிதர்கள் நிலைத்தனர்.

இனத்துக்கு இவ்வளவு

இவ்வுண்மையை உணர்ந்து மேலைநாட்டார் ஒரு முறையையே வகுத்துள்ளனர். கனடா நாட்டின் லாங் பாயிண்ட் பறவை ஆய்வகம் 1976ஆம் ஆண்டு தொடங்கிய பறவை எண்ணும் நன்கொடைத் திட்டம் இதற்கு முன்னோடியாகும். பங்கு கொள்பவர், சுற்றத்தாரிடமும் அண்டை வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் சென்று, "ஒரு நாளில் நான் காணும் ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவு தருவீர்களா?" எனக் கேட்கிறார். 24 மணி நேரத்தில் எண்ணி முடித்துக் கணக்குக் காட்டுகிறார். அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1984 முதல் இத்தகைய போட்டி நடைபெறுகிறது. பெயர்ப்பட்டியலைக் கையில் வாங்கும் கொடையாளி சும்மா இருப்பதில்லை. "எங்கள் தோட்டத்து மரத்தில் ஆந்தை இருக்கிறதே, அதைச் சேர்த்தீரா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

பழவேற்காட்டிலும் கூடுமே!

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தன்னார்வலர்களால் நடத்தப்பெறுகிறது. பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவை எண்ணும் வழக்கமும் அண்மை ஆண்டுகளில் தோன்றியுள்ளது. இந்நாள்களில் நம் பள்ளிக்கூடங்களும் மஹல்லா இளைஞர் மன்றங்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஓர் இனத்துக்கு ஐந்து ரூபாய் என வீட்டுக்கு வீடு வாக்குறுதி பெறலாம். 40 இனங்களைக் கண்டால் ஒரு வீட்டிலிருந்து 200 ரூபாய் சேரும். பத்து வீடுகள் சேர்ந்தால் 2000 ரூபாய். ஏரிக்கரை மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்குப் பாடக்குறிப்பேடுகள் வாங்க அது உதவும். எண்ணியவர்களுக்குப் பரிசளிக்க விரும்பினால், பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளை வாங்கலாம். அதுவும் ஓர் உதவியே.

இதில் பந்தயமோ சூதோ இல்லை. கொடுப்பவர் எதையும் திரும்பப் பெறுவதில்லை. எண்ணுபவரும் பணம் பெறுவதில்லை. ஆயினும் ஜகாத் நிதியை இதனுடன் கலக்கலாகாது. ஜகாத்துக்கு உரியோர் யார் என்பது திருக்குர்ஆனில் வரையறுக்கப்பட்டுள்ளது. இது மனமுவந்து தரும் ஸதக்காவாகவே இருக்கட்டும்.

எண்ணச் செல்பவர்கள் முதலில் மீனவப் பெரியவர்களை அணுகுவது நன்று. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஒழுங்கு அவர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. நீரின் ஆழமும், முகத்துவாரம் திறப்பதும் தூர்வதும், இறாலின் வரவும் அவர்களுக்கு அன்றாடப் பாடம். பறவைகளுக்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டால், நூல்களில் கிடைக்காத செல்வம் சேரும். பிள்ளைகளைப் படகில் ஏற்றாமல் கரையிலிருந்தே பார்க்கச் செய்வது அவர்களுக்கும் பறவைகளுக்கும் பாதுகாப்பு. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை ஊடறுத்துச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் பறவைகளைக் காணலாம்.

உற்று நோக்கும் பொறுமை நமக்குப் புதிதன்று. ஷஅபான் 29ஆம் நாள் மாலையில் மொட்டை மாடிகளில் நின்று நூலிழை போன்ற பிறையைத் தேடும் சமுதாயம் நாம். நிழலை அளந்து தொழுகை நேரத்தைக் கணித்த ஒருவரின் நுண்ணார்வமே பழவேற்காட்டுப் பள்ளிவாசலின் கடிகாரமாக நிற்கிறது.

மதீனாவில் அபூ உமைர் என்னும் சிறுவன் ஒரு சிறு குருவியை வளர்த்தான். அது இறந்து அவன் வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவனைப் பெரியவர்களை அழைப்பதுபோல் அழைத்து, குருவி என்னவாயிற்று என்று பரிவுடன் விசாரித்தார்கள். ஒரு பெரும் சமுதாயத்தின் தலைவருக்கு ஒரு குழந்தையின் குருவியை நினைவில் வைக்க நேரமிருந்தது. அமீருத்தீன் தையப்ஜிக்கு ஒரு கடிதம் எழுத நேரமிருந்தது. நம் வீட்டுப் பிள்ளை நாளை ஏதேனும் ஓர் இறகைக் கொண்டுவந்து, "இது எந்தப் பறவையுடையது?" என்று கேட்கலாம். விடை தெரியாவிட்டால் குறையில்லை. தெரிந்தவரிடம் அவனை அனுப்பிவைப்போம். கையில் ஒரு நன்கொடைப் பட்டியலையும் கொடுத்தனுப்புவோம். அதே ஆர்வமுடையவர் நம் தெருவிலேயே இருக்கக்கூடும்.