குழந்தைகளின் மலச்சிக்கல்: மருந்துக்கு முன் உணவு

கைக்குழந்தை இரண்டு நாள் மலம் கழிக்காவிடில் விளக்கெண்ணெய் புகட்டும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உள்ளது. எண்ணெய் புரையேறினால் நுரையீரலைத் தாக்கும். ஆசனவாயில் சோப்புத் துண்டு வைப்பது அங்குள்ள மென்சவ்வைப் புண்ணாக்கும்.

முதல் மாதத்திற்குப் பின், தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை சில நாட்களுக்கு ஒரு முறை மலம் கழிப்பதும் இயல்பே. மலம் இறுகி, குழந்தை வேதனையுறுவதே மலச்சிக்கலாகும்.

இது பெரும்பாலும் ஆறு மாதம் நிறைந்து, இணை உணவு தொடங்கும்போது தோன்றுகிறது. தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுப்பதுடன் மசித்த பருப்பு, கீரை, பப்பாளி, காய்ச்சி ஆறிய நீர் ஆகியவற்றையும் அளித்தல் நலம். ஓராண்டு நிறைந்த குழந்தைக்குப் பசும்பால் நாளொன்றுக்கு அரை லிட்டரை மிஞ்சலாகாது.

1975 அக்டோபர் 2 அன்று 33 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அங்கன்வாடிகளை நாடெங்கும் பரப்பியது. அங்குள்ள பணியாளர்கள் இவ்வறிவுரையைத் தாய்மார்களிடம் சேர்க்க இயலும்.

வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பிறந்து 48 மணி நேரமாகியும் மலம் கழியாமை ஆகியவை காணப்படின் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அப்போது கைவைத்தியத்தில் கழியும் நேரம் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.